சுகிர்தா சொன்ன சாட்சி

வேப்பம்பட்டு
10.3.2024

கர்த்தர் கிருபையில் சுகமாயிருக்கும் என் பேத்தி சுகிர்தாவுக்கு ஆயா எழுதுவது.

உன் அண்ணன் சாம்சன் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். மெர்சி நர்சிங் முடித்து வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சின்னவன் ஜெரால்ட் ஓட்டப்பந்தயத்தில் கப்பு வாங்கினான். எல்லாருக்கும் மேலே, நம் வம்சத்தில் முதல் எஸ்.ஐ. நீ. உன் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் விறைப்பாக நிற்கிறாயே, அந்த போட்டோவைக் காட்டாமல் வீட்டுக்கு வந்த யாருக்கும் நான் காபி கொடுத்ததில்லை.

நேற்று அந்த இன்ஸ்பெக்டருக்கு வேண்டியவர் ஒருத்தர் வந்தார். ஸ்டேஷனில் ஒரு பையனை அடித்ததாக இன்ஸ்பெக்டர்மேல் புகாராம். மனித உரிமை ஆணையத்தில் உன்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். "பாக்கலன்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லு ஆயா, பாப்பா வேலைக்கு ஒண்ணும் வராது" என்று தன்மையாகத்தான் சொன்னார். அந்தத் தன்மைதான் எனக்கு பயமாக இருக்கிறது. நீ போனும் எடுப்பதில்லை. பார்க்கவில்லை என்றே சொல்லிவிடு கண்ணு.

உன் ஆயா,
சாராள்

20.3.2024

அன்பு ஆயாவுக்கு,

உன் குரலைக் கேட்டால் சரி என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் போனை எடுக்கவில்லை.

அடிபட்டவர் பெயர் துளசிராமன். காண்ட்ராக்ட் வேலைக்காரர். திருட்டுக் கேஸில் சந்தேகப்பட்டுப் பிடித்து வந்தார்கள், திருடியது வேறு ஆள் என்று பிறகு தெரிந்தது. ஸ்டேஷன் கேமரா அன்றைக்கு ரிப்பேர் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அடி விழும்போது அவர் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை ஆயா, என்னைத்தான் பார்த்தார். நேற்று ஆணையத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என்னை கன்ட்ரோல் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். கோபமா?

சுகிர்தா

2.2.2025

என் கண்ணு சுகிர்தாவுக்கு,

என்ன எழுதுவதென்று தெரியாமல்தான் இத்தனை மாதம் பதில் போடவில்லை.

ஆணையத்தின் உத்தரவு பேப்பரில் வந்திருக்கிறதென்று மெர்சி படித்துக் காட்டினாள். துளசிராமனுக்கு நஷ்டஈடு, இன்ஸ்பெக்டர்மேல் நடவடிக்கை. திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னேன். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

உன்னிடம் சொன்னதில்லை. எங்களுக்குக் கல்யாணமான புதிதில், கூலி கேட்டதற்காக உன் தாத்தாவை ஸ்டேஷனில் வைத்து அடித்தார்கள். அங்கே இருந்த அத்தனை பேரும் பார்க்கவில்லை என்றார்கள். சாகிறவரை, போலீஸ் ஸ்டேஷன் வந்தால் எதிர் ஓரத்துக்குப் போய்விடுவார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தாரே, இன்ஸ்பெக்டருக்கு வேண்டியவர், அவரை நேற்று ரயிலடியில் பார்த்தேன். "இன்னா ஆயா, பேத்தி இப்படிப் பண்ணிடுச்சே" என்றார். "எங்க ஊட்டுப் பொண்ணுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்பா" என்றேன்.

சுவரில் இருந்த போட்டோவைக் கழற்றிவிட்டேன், அதில் அந்த இன்ஸ்பெக்டரும் நிற்கிறார். ஆணி சும்மா இருக்கிறது. வருகிறவர்களுக்கு என்னத்தைக் காட்டிக் காபி கொடுப்பேன்? தொப்பியோடு நீ மட்டும் நிற்கிற மாதிரி புதிதாக ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. பெரிதாக இருக்கட்டும்.

ஆயா