பத்தரை மணி அழைப்பு

இப்போது மணி பத்தரை. உள்ளறையில் நம் மகளின் கணக்கு வகுப்பு போனில் ஓடிக்கொண்டிருக்கிறது. டீச்சரின் குரல் அடுப்படிவரை கேட்கிறது. உலை கொதித்து வெகுநேரமாகிறது, நான் அரிசியைப் போடாமல் நிற்கிறேன். இந்த நேரத்தில் எனக்குக் கை ஓடுவதில்லை.

அந்தப் போனை நீங்கள் குவைத்திலிருந்து கொடுத்தனுப்பியது நாம் பேசுவதற்காக. ஊரடங்கு வந்ததும் மன்னார்குடிப் பள்ளிக்கூடம் முழுக்க அதற்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். உங்களுக்கு அங்கே எட்டு மணி, தேநீர் வேளை. இங்கே பத்தரை, கணக்கு. நீங்கள் கூப்பிட்டால் வகுப்பு அறுந்துவிடும், பிள்ளை அழுவாள்.

"என்னைவிட அந்தக் கணக்கு டீச்சர் பெரிய ஆளா?" என்று சண்டைக்கு வந்தீர்கள். மறுநாள் நீங்களே ஒரு வழியும் சொன்னீர்கள். "நான் பாட்டுக்கு அடிப்பேன், கட் பண்ணிருங்க. கட்டாச்சுன்னா புள்ள படிக்குதுன்னு தெரிஞ்சுக்குவேன். எனக்கு அது போதும்."

அன்றிலிருந்து தினமும் பத்தரைக்கு உங்கள் மணி அடிக்கும், அவள் சிரித்துக்கொண்டே துண்டிப்பாள். பொண்டாட்டி பிள்ளை போனை எடுக்கவில்லை என்று ஊரில் ஆம்பளைகள் கத்துவார்கள். நீங்களோ எடுக்காததை அங்கே அறைத் தோழர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவீர்கள். பைத்தியக்கார மனுஷன் என்று எத்தனை நாள் உங்களைத் திட்டியிருக்கிறேன்.

அன்றைக்கு அவளுக்குப் பரீட்சை. மணி அடித்தது, துண்டித்தாள். உடனே மறுபடி அடித்தது. மறுபடியும். "அம்மா, அத்தா விளையாடுறாங்க!" என்று உள்ளேயிருந்து சிரித்தாள். நான் இதே அடுப்படியிலிருந்து, "கட் பண்ணு புள்ள, பரீட்சை போயிரப் போவுது" என்று கத்தினேன். ஐந்து முறை. ஆறாவது முறை அடிக்கவில்லை. நேரங்காலம் தெரியாத மனுஷன் என்று முணுமுணுத்தபடி குழம்பைத் தாளித்தேன்.

சாயங்காலம் உங்கள் அறைத் தோழர் பேசினார். "காய்ச்சல்னு ரூம்லயே படுத்திருந்தாரு அக்கா. நாங்க வேலை முடிஞ்சு வந்து பாக்குறப்ப..." விமானம் கிடையாது. மறுநாள் அதே போனில்தான் உங்கள் ஜனாஸா அடக்கத்தைக் காட்டினார்கள்.

பிறகு அவள் அந்தப் போனைத் தொடவேயில்லை. பள்ளிக்கூடம் திறந்தது, போனாள். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு இன்னும் போனில்தான் நடக்கிறது. அந்த நாட்களில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். "இப்படியே போனா பத்தாவது எப்படிம்மா எழுதுவா?" என்று டீச்சர் கேட்டார். இவளைக் கேட்டால் ஒரே பதில். "நான்தாம்மா கட் பண்ணேன்." சொன்னது நான்தானே என்று நூறு தடவை சொல்லிவிட்டேன், காதில் ஏறவில்லை. சோறும் இறங்கவில்லை. உங்களைத்தான் பறிகொடுத்தேன், இவளையும் விட்டுவிடுவேனோ என்று பயந்து செத்தேன்.

அதனால் போன வெள்ளிக்கிழமை பொய் சொன்னேன். அல்லாஹ் மன்னிக்கட்டும். "அன்னைக்கு மத்தியானம் பக்கத்து வீட்டு அக்கா போன்ல அத்தா பேசினாங்க. அஞ்சு தடவை கட் பண்ணிருச்சே, எப்படிப் படிக்குது பாருன்னு சிரிச்சாங்க." அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார்.

"ஏம்மா இத்தனை நாளு சொல்லல?" என்றாள். அழுகையில் மறந்துவிட்டது என்றேன். வெகுநேரம் என் முகத்தையே பார்த்தாள்.

இன்று காலை அவளே போனை எடுத்துச் சார்ஜ் போட்டாள். சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் வகுப்புக்கு உட்காரும்முன் கேட்டாள். "வேற என்னம்மா சொன்னாங்க?" தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன. நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னீர்கள் என்றேன். தலையாட்டினாள். "அப்புறம்?" என்றாள். வகுப்பு முடியட்டும், சொல்கிறேன் என்று தப்பித்து வந்திருக்கிறேன்.

தண்ணீர் எடுத்துக்கொடுக்கக்கூட ஆளில்லாத அறையில் தனியாகக் கிடந்திருக்கிறீர்கள். வலிக்கிறது என்று சொல்லவா கூப்பிட்டீர்கள்? அவள் பேரைச் சொல்லவா? இல்லை, வழக்கம்போல் அவள் படிக்கிறாளா என்று பார்க்கத்தானா?

கால் மணி நேரத்தில் அவள் எழுந்து வருவாள். என்னிடம் வேறு பொய் இல்லை. சொல்லுங்க, அஞ்சு தடவை கூப்பிட்டு என்ன சொல்ல வந்தீங்க?