அந்தப் புள்ள குடுத்த புத்தகம்

8 ஜூன் 2025, ஞாயிறு

இந்த வாரப் புத்தகக் குறிப்பைக் காலையிலேயே போனில் எங்கள் வாசகர் குழுவில் போட்டுவிட்டேன். நானூற்றுப் பன்னிரண்டு பக்க நாவல். மூன்று பத்தியில் மொத்தத்தையும் அளந்து எடுத்தாகிவிட்டது. பத்திரம் எழுதிப் பிழைக்கிறவனுக்கு அது பெரிய வேலையா? நான்கெல்லை, பரப்பளவு, வில்லங்கம் உண்டா இல்லையா. நாவலுக்கும் அதே கணக்குதான். மதியத்துக்குள் முப்பத்தேழு பேர் கைதட்டியிருந்தார்கள். கூடலூர் சுரேஷ்கண்ணன், ‘அண்ணன் குறிப்பைப் படித்தால் போதும், புத்தகமே வேண்டாம்’ என்று போட்டிருந்தான். சந்தோஷமாக இருந்தது.

அந்தக் கைதட்டலை ஜோதியிடம் காட்டலாம் என்று அடுப்படிக்குப் போனேன். குக்கர் ஒரு பக்கம் கத்திக்கொண்டிருக்கிறது, அவள் மேடையில் சாய்ந்து நின்று புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறாள். என் வீட்டுக்காரி நாகஜோதி! கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் நான் கொடுத்த ஒரு புத்தகத்தைக்கூட அவள் முடித்ததாக எனக்கு நினைவில்லை. இது என் அலமாரிப் புத்தகமும் இல்லை.

யார் கொடுத்தது என்று கேட்டேன். பஸ்ஸில் ஒரு புள்ள குடுத்துச்சு என்றாள். தலையைத் தூக்கவில்லை.

9 ஜூன்

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. அவள் பக்கத்தில்தான் நின்றாள். புத்தகத்தோடு.

13 ஜூன்

விசாரித்துவிட்டேன். பெயர் முத்துப்பேச்சி. ஊர் சுருளிப்பட்டி. கம்பத்தில் நைட்டி தைக்கிற கடையில் வேலை. வயது முப்பது இருக்கும்.

ஜோதி கம்பத்தில் ஒரு உரக்கடையில் பில் போடுகிறாள். எங்கள் காமயகவுண்டன்பட்டியில் ஏறும்போது அந்த பஸ்ஸில் உட்கார இடம் இருக்காது. நிற்கிறவர்கள் பையை உட்கார்ந்திருப்பவர்கள் மடியில் வாங்கி வைத்துக்கொள்வது டவுன் பஸ்ஸில் எல்லோரும் செய்வதுதான். முத்துப்பேச்சியும் ஜோதியின் பையை வாங்கியிருக்கிறாள். பைக்கு மேலே புத்தகத்தை விரித்துப் படித்திருக்கிறாள். ஜோதி நின்றபடியே அதே பக்கத்தைப் படித்திருக்கிறாள். இப்படி மூன்று நாள். நாலாம் நாள், ‘நான் முடிச்சிட்டேன்க்கா’ என்று சொல்லிப் புத்தகத்தை ஜோதி பைக்குள்ளேயே போட்டுக் கொடுத்துவிட்டாளாம்.

அவ்வளவுதான் பரிந்துரை. யார் எழுதியது, ஏன் படிக்க வேண்டும், எங்கே சறுக்குகிறது, ஒன்றும் கிடையாது.

என் வீட்டில் அறுநூறு புத்தகம் இருக்கிறது. எனக்கு வயிறு எரிகிறது. இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுத?

17 ஜூன்

அவள் குளிக்கப் போன நேரம் எடுத்துப் பார்த்தேன். சிறுகதைத் தொகுப்பு. எனக்குத் தெரிந்ததுதான். இரண்டு வருஷம் முன்பே குழுவில் எழுதியிருக்கிறேன்: ஒன்பது கதையில் இரண்டு தேறும், மற்றதைத் தவிர்க்கலாம்.

சாப்பிடும்போது அதைச் சொன்னேன். எந்த இரண்டு, மற்ற ஏழு ஏன் தேறாது என்பதையும் விளக்கினேன். கடைசிக் கதையில் அந்த அம்மா வீட்டை விற்காமல் சாவியைக் கிணற்றில் போடுவது நம்பும்படி இல்லை என்றேன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

“நான் இன்னும் அந்தக் கதைக்கு வரல.”

அதனால் என்ன, தெரிந்துகொண்டு படித்தால் இன்னும் ஆழமாகப் படிக்கலாமே என்றேன். அதற்கப்புறம் புத்தகம் பிரிட்ஜ் மேலேயே கிடந்தது. நான் சொன்னதில் உள்ள நியாயம் புரிந்திருக்கும்.

20 ஜூன்

வேறு புத்தகம். இதுவும் அந்தப் புள்ள உபயம். இதற்கு ஜோதி அட்டை போட்டிருக்கிறாள், உரக்கடைக் காலண்டர் தாளில். பெயர் தெரியவில்லை. முதல் பக்கத்தைப் புரட்டலாம் என்றால் கையை விட்டு இறக்கினால்தானே.

என்னிடமிருந்து மறைக்கிறாளா? நான் என்ன செய்துவிட்டேன்?

25 ஜூன்

மூன்று நாளாக நானே பைக்கில் கொண்டுபோய் விடுகிறேன். பஸ் கூட்டத்தில் நின்று நசுங்க வேண்டாம் என்பது அவளிடம் சொன்ன காரணம். நிஜக் காரணம், அந்த பஸ்ஸை அவள் மறக்க வேண்டும். எனக்கு உத்தமபாளையம் ரிஜிஸ்தர் ஆபீஸில் பத்து மணிக்குத்தான் வேலை. இருந்தும் எட்டு மணிக்கே குளித்துக் கிளம்பி நிற்கிறேன். திராட்சைத் தோட்டங்கள் முடிகிற வரை பிற மொழி நாவல்கள், அதைத் தாண்டினால் தமிழ் என்று பிரித்து வைத்துக்கொண்டு பேசினேன். முதல் நாள் பின்னாலிருந்து ‘ம்’ வந்தது. இன்று அதுவும் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடை வாசலில் இறங்கியதும் சொன்னாள்.

“நாளையிலருந்து பஸ்லயே போறேங்க. அந்தப் புள்ள மூணு நாளா என்னயத் தேடியிருக்கும்.”

தேடியிருக்கும். ஆமா, தேடும். அப்ப நான்? பதினேழு வருசமா நானுந்தான் தேடுறேன். ஒரு பொஸ்தகத்தப் படிச்சுட்டு அதப் பத்திப் பேச வீட்டுல ஆள் இல்லையேன்னுதான கூடலூர்க்காரன்கிட்டயும் சின்னமனூர்க்காரன்கிட்டயும் போன்ல போய்ப் பேசிக்கிட்டுக் கெடக்கேன்? இவ படிச்சுப் பேச மாட்டாளான்னு எத்தன பொஸ்தகம் வாங்கியாந்து கையில குடுத்தேன்? இப்பப் பேசுறா. யார்கிட்டயோ பேசுறா.

2 ஜூலை

வெட்கக்கேடுதான், எழுதிவிடுகிறேன். அதே பஸ்ஸில் ஏறினேன். ஜோதி முன்வாசலில் ஏறினாள், அவளுக்குத் தெரியாமல் நான் பின்வாசலில். கூட்டம் நெருக்க நெருக்க, அவர்கள் பேச்சு காதில் விழுகிற தூரத்துக்கு வந்துவிட்டேன். முத்துப்பேச்சி சின்ன உருவம். மடியில் ஜோதியின் பை.

“எங்கன இருக்கீகக்கா?”

“பாலம் ஒடைஞ்ச எடத்துல.”

“அப்பச் சரி. நான் வாயவே தொறக்கல.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்புறம் பாலம் உடைகிற வரைக்கும் உள்ளதை மட்டும் பேசினார்கள். கதையில் வருகிற தம்பிக்காரன் பொய் சொல்கிறான் என்பது ஜோதியின் கட்சி. இல்லை, அவனுக்கே உண்மை தெரியாது என்பது முத்துப்பேச்சி கட்சி. ஜோதி ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை ஆட்டி ஆட்டி வாதாடினாள். நடுவில் என் சித்தப்பா மகன் மொக்கைச்சாமியைச் சாட்சிக்கு இழுத்து, அவனும் இப்படித்தான் பேசுவான் என்றாள். நாலு பேர் திரும்பிப் பார்த்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. அந்த ஜோதியை நான் வீட்டில் ஒருநாளும் பார்த்ததில்லை. எனக்கு வரவேண்டியது வேறு யாருக்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று தோன்றியது.

அப்போது முத்துப்பேச்சி என்னைப் பார்த்து, ‘பையக் குடுங்கண்ணே’ என்று கை நீட்டினாள். ஜோதியும் திரும்பினாள். பார்த்துவிட்டாள். என் பையில் புத்தகம் துருத்திக்கொண்டிருந்தது. இது நல்லா இருக்குமாண்ணே என்று முத்துப்பேச்சி கேட்டாள்.

கேட்டதுதான் தாமதம். கம்பம் வருகிற வரைக்கும் நிறுத்தவில்லை நான். கதாநாயகி யாரைக் கட்டுகிறாள், நூற்றெண்பதாம் பக்கத்தில் எப்படிச் சாகிறாள், எல்லாம் சொன்னேன். அந்தப் புள்ள பேச்சை ஜோதி ரசித்த அளவுக்கு என் பேச்சையும் ரசிக்க வேண்டும் என்று இருந்தது. முத்துப்பேச்சி பையைத் திருப்பித் தந்து, ‘படிச்ச மாதிரியே இருந்துச்சுண்ணே’ என்றாள். கிண்டல் இல்லை, மரியாதையாகத்தான் சொன்னாள்.

ஜோதி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவள் வீட்டுக்காரன் என்று அந்தப் புள்ளையிடம் கடைசிவரை சொல்லவே இல்லை.

3 ஜூலை

ஏன் சொல்லவில்லை என்று நேற்றுச் சாயங்காலம் கேட்டேன். சத்தமாகவே கேட்டேன்.

“வெக்கமா இருந்துச்சு. வேவு பாக்க வந்த ஆள எப்படிச் சொல்றது?”

வாய்க்கு வந்ததைப் பேசினேன். நான் கொடுத்த ஒன்றையாவது திறந்திருப்பாயா, தையல்கடைக்காரி கொடுத்தால் மட்டும் இனிக்கிறதா என்றேன். அந்தக் கடைசி வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவள் குரலை உயர்த்தவில்லை. போய் அலமாரியைப் பாருங்க என்றாள்.

பார்த்தேன். உரக்கடையில் தப்பாக அடித்துப் போட்ட பில் துண்டுகள், என் புத்தகங்களுக்குள்ளே. ஒன்றில் 61-ஆம் பக்கம், ஒன்றில் 112. ஒன்றில் கடைசிக்கு முந்தைய அத்தியாயம். மொத்தம் பதினான்கு புத்தகம். பாதியில் விட்டிருக்கிறாளே, இதுதான் படிக்கிற லட்சணமா என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஆனால் பில்லில் தேதி இருக்கிறது. தேதி பார்ப்பது என் தொழில். குழுவில் நான் போட்ட குறிப்புகளின் தேதியை எடுத்து ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்தேன். குறிப்பு எழுதினால் அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் போடுவேன். பதினான்கில் பன்னிரண்டு பொருந்தியது. நான் படித்துக் காட்டிய அன்றோ, அதற்கு முதல் நாளோ அவள் நின்றிருக்கிறாள். அதற்குமேல் ஒரு பக்கம்கூடப் போகவில்லை.

இன்று காலை அவள் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது, ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

“ஆசையாச் சொல்லுவீக. மொகத்தப் பாத்தா, நிறுத்துங்கன்னு எனக்குச் சொல்ல வராது. அப்புறம் மிச்சத்துல எனக்கு என்னங்க இருக்கு?”

6 ஜூலை, ஞாயிறு

குறிப்பு போடவில்லை. உடம்புக்கு ஏதும் முடியலையா என்று சுரேஷ்கண்ணன் மட்டும் கேட்டான்.

20 ஜூலை, ஞாயிறு

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய். இடம்தான் மாறியிருக்கிறது. 112-ஆம் பக்கத்தில் நின்றுபோன நாவலை ஜோதி முத்துப்பேச்சிக்குக் கொடுத்திருக்கிறாள். அந்தப் புள்ளைக்கு முடிவு தெரியாது. கொடுத்து வைத்தவள்.

தையல்கடைக்காரி என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அத அவகிட்டயில்ல கேக்கணும் என்றாள் ஜோதி. இன்னும் கேட்கவில்லை. பஸ் ஏற வெட்கமாக இருக்கிறது.

17 ஆகஸ்ட், ஞாயிறு

மத்தியானம் ஜோதி கட்டிலில் கால் நீட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். நான் படிக்காத ஒரு நாவல், கடைசிப் பக்கங்கள். ஏதோ சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், அழுதுகொண்டிருக்கிறாள். என்ன ஆச்சு என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

“இந்தப் பொம்பள இருக்கால்ல, கடைசியில போயி...”

பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கதையை அவளாக என்னிடம் சொல்ல வருகிறாள். கேட்க எவ்வளவு ஆசையாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

“சொல்லாத ஜோதி” என்றேன். “குடு, படிச்சுட்டு வாறேன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை மூடினாள்.

“ஒடனே தர முடியாதுங்க. முத்துப்பேச்சி கடையில ரெண்டு பேரு கேட்டிருக்காக. அவுக முடிச்சதும்தான் நீங்க.”

புதுப் பிரதி ஒன்று வாங்கிவிடலாம். போன் போட்டால் மூன்று நாளில் வீட்டுக்கு வந்துவிடும். வாங்கவில்லை. அவள் அழுத அந்தப் புத்தகம்தான் எனக்கு வேண்டும்.

22 ஆகஸ்ட்

புத்தகம் வாங்கிய முதல் ஆள், கடையில் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற பெண்ணாம். நாற்பதாம் பக்கத்தையே இன்னும் தாண்டவில்லையாம். அவளுக்கு அப்புறம், எனக்கு முன்னால், இன்னும் ஒருத்தர் இருக்கிறார்.