நித்யா பேசுகிறாள், எனக்குத்தான் பொறாமை

ஏனுங்க,

கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க நீங்கள் இல்லை என்று தெரிந்தும் வாய் அப்படியேதான் கூப்பிடுகிறது. நம்ம நித்யா பேசுகிறாள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். எனக்கோ வயிறு எரிகிறது.

பள்ளியில் அவளுக்கு ஒரு டேப்லெட் கொடுத்திருக்கிறார்கள். திரை முழுக்கப் படங்கள். ஒரு படத்தைத் தொட்டால் அது தமிழில் பேசும். அதைச் சக்கர நாற்காலியில் பொருத்தி, அவள் வலது கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துப் பழக்கியவர் சிறப்பாசிரியர் ஸ்டெல்லா டீச்சர். நாக்கும் கையும் சொன்னபடி கேட்காத நம் பிள்ளை, பெயர் கூப்பிட்டால் இப்போது தானே "உள்ளேன் டீச்சர்" என்கிறாள். ஆனால் அந்தக் குரல் யாரோ ஒருத்தியுடையது. பிறந்ததிலிருந்து அவளுக்கு வாயாக இருந்தவள் நானல்லவா?

முதல் நாள் வகுப்பில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். "நித்யாவுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன பிடிக்கும்?" என்று டீச்சர் கேட்டார். பழக்கதோஷம், நான் முந்திக்கொண்டு, "தயிர்சாதமுங்க டீச்சர்" என்றேன்.

"இல்லை" என்றது டேப்லெட். கொஞ்ச நேரம் கழித்து, "முட்டை" என்றது.

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். எத்தனை வருஷம் குழையப் பிசைந்து ஊட்டியிருப்பேன்! மறுநாள் டீச்சர், "நீங்க வெளியே இருங்கம்மா, அவளே பாத்துக்குவா" என்றார். மழைச்சாரல் அடிக்கும் வராந்தாவில் உட்கார்ந்து, உள்ளேயிருந்து வரும் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன வாரம் டீச்சர் என்னைக் கேட் அருகே நிறுத்தினார்.

"நித்யா இன்னிக்கு அவங்கப்பாவப் பத்திப் பேசினாம்மா. ரொம்ப நேரம்."

"என்னங்க சொன்னா?"

"அவகிட்டயே கேளுங்களேன்."

எஸ்டேட் ஜீப்பை நிறுத்திவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சாய்ந்த பிறகு, அவள் உங்களைத் தேடி ஒரு சத்தம்கூடப் போட்டதில்லை. விவரம் புரியவில்லை என்றே நினைத்திருந்தேன். சொல்ல வழி கிடைத்ததும் டீச்சரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அன்று அந்த டீச்சர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டேன். "ஏங்கண்ணு, அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"அம்மா. அழுகை."

"அழுதா அழுதுட்டுப் போறேன். சொல்லு சாமி."

வளைந்த விரல் திரையில் தேடித் தேடி நகர்ந்தது. "அப்பா. பாட்டு. ஜீப்."

"ஜீப்புல பாட்டுப் போடுவாரா?"

"இல்லை. அப்பா. பாட்டு."

"அப்பாவே பாடுவாரா?"

"ஆமாம். சத்தம். நிறைய." சொல்லிவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தாள்.

ஏனுங்க, நீங்கள் பாடுவீர்களா? ஊட்டி ஆஸ்பத்திரிக்கு நீங்கள் இரண்டு பேருமாய்ப் போய்வந்த வழியெல்லாம் இதுதான் நடந்ததா? கல்யாணமான நாளிலிருந்து என் காதில் ஒரு வரி விழுந்ததுண்டா? எனக்கு மட்டும் என்ன குறைச்சல்? கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு, "அம்மா. கோபம்" என்றாள்.

"ஆமாங்கண்ணு, கோபந்தான். உங்கப்பா மேல."

அதற்கும் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இனி அவள் சொல்ல வேண்டியதை நான் முந்திக்கொண்டு சொல்லமாட்டேன். அந்த விரல் தேடி முடிக்கும்வரை காத்திருப்பேன். ஆனால் என்ன பாட்டுப் பாடினீர்கள் என்பதை மட்டும் அவளிடமிருந்து கேட்டு வாங்காமல் விடப்போவதில்லை.

ஒரு வரிகூடப் பாடக் கேட்காத உங்கள் பெண்டாட்டி,
நித்யாவின் அம்மா சரசு