கயிற்றுக்கு இந்தப் பக்கம்

ஈப்போ
2.2.1987

அன்புள்ள வேதா,

இங்கே எல்லாரும் சௌக்கியம். மகேசனும் மருமகளும் பொங்கலுக்கு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனார்கள். புதுச் சமையற்காரி ரசத்தில் சர்க்கரை போடுகிறாள். சொன்னால் கேட்பதில்லை.

ஒரு நல்ல செய்தி. மார்ச் 19 முதல் 22 வரை உங்கள் ஆக்லாந்தில் பசிபிக் நாடுகளின் குழு கோல்ஃப் போட்டி நடக்கிறது. பதினான்கு நாடுகள் வருகின்றன. மலேசியக் குழுவுக்கு என்னைக் கேப்டனாகப் போட்டிருக்கிறார்கள். மைதானத்தில் ஆடப்போவது நாலு பேர். நான் ஆடுவதில்லை, அவர்களை வழிநடத்த வேண்டும். கோர்ட்டு வேலையை ஜூனியரிடம் கொடுத்துவிட்டேன்.

கடைசி நாள் மாலை விருந்து. கேப்டன்கள் எல்லாரும் மனைவியோடு முன்மேசையில் உட்கார வேண்டும். என் பக்கத்து நாற்காலி உனக்கு. அந்த மயில்கழுத்துப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்துவிடு.

இன்னொன்று. நீ உன் அக்காவுக்குத் துணையாக ஆக்லாந்தில் இருப்பதாகத்தான் கிளப்பில் மூன்று வருஷமாகச் சொல்லி வைத்திருக்கிறேன். அக்காவுக்கு நீரிழிவு, கால் வீக்கம். யாராவது விசாரித்தால் அதற்குத் தகுந்தாற்போல் பதில் சொல்.

திரும்பும் விமானத்தில் உனக்கும் ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறேன். அக்காவுக்குக் குணமாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். கோபித்துக்கொண்டதெல்லாம் போதும், வேதா. வீட்டுக்கு வா.

அன்புடன்,
ராமநாதன்

❖

மவுண்ட் வெல்லிங்டன், ஆக்லாந்து
15.2.1987

கேப்டன் அவர்களுக்கு,

வேதவள்ளி எழுதிக்கொண்டது. எனக்கு ஓர் அக்கா பிறந்திருக்கும் விஷயம் உங்கள் கடிதத்தைப் படித்துத்தான் தெரிந்தது. ஐம்பது வயதில் இந்தப் பாக்கியம் எல்லாருக்கும் வாய்க்காது. பிறக்கும்போதே நீரிழிவோடு பிறந்திருக்கிறாள், பாவம். பெயர் வைத்தாயிற்றா?

அப்பாவுக்கு நான் ஒரே பெண் என்பது பெண் பார்க்க வந்த அன்றே உங்களுக்குத் தெரியும். மகேசன் கல்யாணம் முடிந்த மறுமாதம் நான் ஏன் பெட்டியைத் தூக்கினேன் என்பதும் தெரியும். இருபத்துநாலு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கிளப் வராந்தாவில் என்னை உட்கார வைத்தீர்கள். வந்தவர் போனவரிடமெல்லாம், "இவளுக்கு ஆட்டம் புரியாது" என்று சிரித்துக்கொண்டே அறிமுகம் செய்தீர்கள். என் பழைய நர்ஸ் சான்றிதழைத் தேடி எடுத்து, மறுபடி வேலைக்குப் போகிறேன் என்று நின்ற அன்றும் அதே சிரிப்புத்தான். "உனக்கு என்ன புரியும்?" என்றீர்கள். கிளம்பிவிட்டேன்.

இப்போது ஒடாஹுஹுவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். இரண்டு அறை வீடு, வாடகை என்னுடையது. பக்கத்து வீட்டுப் புஷ்பவதி யாழ்ப்பாணத்துக்காரி, எதற்கும் அஞ்சாதவள். அவளும் நானும் உங்கள் போட்டியைப் பார்க்க வருகிறோம். நாலு நாளுக்கும் சீட்டு வாங்கி, இல்லத்தில் லீவும் சொல்லியாயிற்று.

நாற்காலியைப் பற்றியும் விமானத்தைப் பற்றியும் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். மயில்கழுத்துப் பட்டு இங்கே இல்லை. உங்கள் அலமாரியில்தான் தொங்குகிறது.

வேதவள்ளி

❖

ஈப்போ
27.2.1987

வேதா,

உன் குத்தலுக்கெல்லாம் பதில் எழுத நேரமில்லை. விருந்துக்கு மட்டும் வா, போதும். மைதானத்துக்கு வர வேண்டாம். இது கிளப் வராந்தா அல்ல. மேடும் பள்ளமுமாக ஒரு நாளைக்கு ஐந்து மைல் நடக்க வேண்டும். உன் முழங்கால் தாங்காது. அடிக்கிற நேரத்தில் யாராவது இருமினாலே ஆட்டக்காரனுக்குக் கை தவறிவிடும். நீங்கள் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் என்ன ஆவது?

அக்கா விஷயத்தில் தயவுசெய்து விளையாடாதே. என் மானம் அதில் இருக்கிறது.

ராமநாதன்

❖

ஆக்லாந்து
வெள்ளி, 20.3.1987

கேப்டன் அவர்களுக்கு,

இதை உங்கள் ஹோட்டல் வரவேற்பில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறேன். இரண்டு நாளும் பதினெட்டுக் குழியும் முழுசாக நடந்தேன். முழங்கால் உங்களை விசாரித்தது.

நேற்றுக் காலை என்னைப் பார்த்துவிட்டுத் தொப்பியை இறக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனீர்கள். போங்கள். பார்வையாளருக்காகக் கட்டிய கயிற்றுக்கு வெளியே எங்கே வேண்டுமானாலும் நடக்க என் கையில் சீட்டு இருக்கிறது.

உங்கள் நாலு பேரில் தைப்பிங் ரயில்வே கிளார்க் குணரத்தினத்தின் பின்னால்தான் நடக்கிறோம். தினமும் நாலு பேர் ஆடுகிறார்கள், நல்ல ஸ்கோர் அட்டைகள் மூன்றை மட்டும் கூட்டுகிறார்கள், நாலாவது அட்டையை ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டு நாளும் ஒதுக்கப்பட்டது அவருடைய அட்டைதான். அவரும் அதே ஐந்து மைல் நடக்கிறார், அதே மழையில் நனைகிறார், கடைசியில் அட்டையில் ஒழுங்காகக் கையெழுத்தும் போடுகிறார். நீங்களோ முதல் மூன்று பேரோடுதான் நடக்கிறீர்கள். புஷ்பவதிக்குத்தான் முதலில் பொறுக்கவில்லை. "உந்த நாலாவது ஆளுக்கு ஆரும் கை தட்டேல்லை. நாங்கள் தட்டுவம்" என்றாள். தட்டினோம். அவர் திரும்பிப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்று தேநீர்க் கூடாரத்தில் உங்கள் குழு மேலாளர் சோதிலிங்கம், "அக்கா கால் வீக்கம் எப்படிங்க இருக்கு?" என்று அக்கறையாகக் கேட்டார். "எனக்கு அக்காவே கிடையாதுங்களே" என்றேன். மனிதர் கையிலிருந்த பிஸ்கட்டைத் தேநீருக்குள் விட்டுவிட்டார். அவ்வளவு நல்ல மனிதரிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆட்டத்தைப் பற்றி ஒன்று. இங்கே வெயில் அடிக்கும் நாளில் பதினொரு மணிக்கு மேல் காற்று திரும்பிவிடும். இல்லத்துப் படுக்கை விரிப்புகளைக் கொடியில் போடுகிறவள் நான். காலையில் கிழக்கே பறக்கும் விரிப்பு, பதினொன்றுக்கு மேல் மேற்கே பறக்கும். பன்னிரண்டாவது குழியில் அந்தக் காற்று பந்தை இடப்பக்க மரங்களுக்குள் தள்ளுகிறது. வலப்பக்கமாக அடிக்கச் சொல்லுங்கள். பார்வையாளர் ஆட்டக்காரருக்கு யோசனை சொல்லக் கூடாது என்ற விதி எனக்குத் தெரியும். கேப்டன் சொல்லலாம். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

வேதவள்ளி

❖

சனி காலை, 21.3.1987

வேதா,

இதைக் குணரத்தினத்திடம் கொடுத்தனுப்புகிறேன். நான் நேரில் வந்தால் எல்லாரும் பார்ப்பார்கள்.

நீ செய்தது சரியா? முப்பது வருஷமாக எனக்குக் கிளப்பில் இருக்கும் பெயர் ஒரு தேநீர் நேரத்தில் போய்விட்டது. சோதிலிங்கம் என் முகத்தைப் பார்க்காமல் இட்லி இல்லாத ஊரின் காலை உணவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்.

காற்றைப் பற்றி நீ எனக்குச் சொல்லித் தர வேண்டாம். துணிக்கொடி வேறு, கோல்ஃப் வேறு.

நாளை மாலை ஏழு மணிக்கு விருந்து. நாற்காலியில் உன் பெயர் எழுதிய அட்டை இருக்கும். நீ வந்து உட்கார்ந்தால் எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடலாம். திங்கட்கிழமை விமானம். எனக்காக ஒரு முறை சரி என்று சொல்.

ரா.

❖

சனி மாலை, 21.3.1987

கேப்டன் அவர்களுக்கு,

பன்னிரண்டாவது குழியில் உங்கள் ஆட்கள் மூன்று பேருடைய பந்தும் இடப்பக்க மரங்களுக்குள் போனதைப் பார்த்தேன். நீங்கள் இடுப்பில் கை வைத்து மரங்களை முறைத்ததையும் பார்த்தேன். மரம் என்ன செய்யும்?

நாற்காலிக்குப் பதில்: உட்கார மாட்டேன். அந்த அட்டையில் என் பெயர் எப்படி எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியும். திருமதி ராமநாதன் என்று இருக்கும். அந்தத் திருமதிக்கு ஓர் அக்கா இருக்கிறாள், அவளுக்கு ஆட்டம் புரியாது. அவள் நான் இல்லை.

ஆனால் விருந்துக்கு வருவேன். ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒரு விருந்தாளியைக் கூட்டி வரலாமாம். குணரத்தினத்துக்கு இந்த ஊரில் யாரும் இல்லை. "நீங்க வாங்கக்கா, நம்ம மேசையில உக்காருங்க" என்று கயிற்றருகே வந்து கேட்டார். மூன்று நாளில் என் விருப்பத்தை ஒருவர் நேரில் வந்து கேட்டது அது ஒன்றுதான். சரி என்றேன். என்னிடம் இருக்கும் நீல நிறப் பருத்திப் புடவையில் வருவேன்.

விமானத்தில் எனக்காகப் பிடித்த இடத்தில் உங்கள் கோல்ஃப் பையை உட்கார வையுங்கள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு எனக்கு இல்லத்தில் வேலை இருக்கிறது. நான் வரவில்லை. கோபத்தில் சொல்லவில்லை. கோபம் ஆறி ஒரு வருஷமாகிறது.

வேதவள்ளி

❖

ஈப்போ
8.4.1987

வேதா,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். வழக்கு வாதாடுவது போலவே வருகிறது. இதைத் திருப்பிப் படிக்காமல் அனுப்பப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் நாலு பேரையும் கூப்பிட்டு, பதினொரு மணிக்கு மேல் காற்று திரும்பும், பன்னிரண்டில் வலப்பக்கம் அடியுங்கள் என்று சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை. பதினோராம் இடத்திலிருந்து ஏழாம் இடத்துக்கு வந்தோம். குணரத்தினத்தின் அட்டையை அன்றைக்குக் கூட்டினார்கள். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விருந்தில் உள்ளூர்க் கிளப் தலைவர் எழுந்து, வெளியூர்க்காரருக்கு எங்கள் காற்று எப்படிப் பிடிபட்டது என்று என்னைக் கேட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டேன். என் பக்கத்தில் நாற்காலி காலி. ஜப்பான் கேப்டன் மனைவி அதில் கைப்பையை வைத்திருந்தார். கடைசி மேசையில் நீ குணரத்தினத்திடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாய். என்னை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நீ அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

இத்தோடு கிளப்பின் மாத இதழை வைத்திருக்கிறேன். போட்டியைப் பற்றிக் கேப்டன் எழுத வேண்டும் என்றார்கள். நாலாம் பக்கம் பார். காற்றைச் சொன்னவர் என் மனைவி வேதவள்ளி, அவர் ஆக்லாந்தில் தனியாக வாழ்ந்து வேலை பார்க்கிறார், அவருக்கு அக்கா கிடையாது, இதுவரை நான் சொன்னது பொய் என்று எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தில் இன்னும் மோசமாக இருக்கிறது. மேலாளர் சோதிலிங்கம் இதழோடு வீட்டுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் பார்க்கும் பார்வையைப் பற்றி எழுதவில்லை.

வீட்டுக்கு வா என்று இந்தத் தடவை கேட்கவில்லை. டிசம்பரில் கோர்ட்டு விடுமுறை. நான் அங்கே வரலாமா?

ராமநாதன்

❖

மவுண்ட் வெல்லிங்டன்
21.4.1987

ராமநாதன்,

உங்களைப் பெயர் சொல்லி அழைத்து முதல் தடவையாக எழுதுகிறேன். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

இதழ் வந்தது. நாலாம் பக்கத்தைப் புஷ்பவதிக்குப் படித்துக் காட்டினேன். "ஓம், மனுசன் எழுதிப்போட்டுது" என்றாள். பிறகு, "ஆனா விருந்திலை ஏன் வாய் திறக்கேல்லை?" என்று கேட்டாள். அதே கேள்விதான் எனக்கும். காற்று என்னுடையது, கைதட்டல் உங்களுடையது. அன்று நான் உங்களைப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பார்த்தேன். நீங்கள் தலையைக் குனிந்தபோது பார்த்துவிட்டுத்தான் திரும்பிக்கொண்டேன். இதழில் எழுதியது பெரிய காரியம், இல்லையென்று சொல்லவில்லை. அதனால் எனக்கு மனம் இளகியதும் உண்மைதான். இளகியதால் நான் பெட்டி கட்டிவிடுவேன் என்று நினைக்க வேண்டாம். இந்த வீடு, இந்த வேலை, இந்தக் கொடி எதையும் விடப்போவதில்லை.

டிசம்பரில் வாருங்கள். புஷ்பவதி வீட்டு முன்னறையில் தங்கலாம், கேட்டு வைத்துவிட்டேன். எனக்கு வேலை உள்ள நாட்களில் நீங்களே சமைத்துக்கொள்ளலாம். ரசத்தில் சர்க்கரை போடாதீர்கள். என் வீட்டில் இரண்டு நாற்காலிகள் இருக்கின்றன. ஒன்றில் மடித்த துணி இருக்கும், நீங்கள் வரும்போது எடுத்து வைக்கிறேன்.

ஆனால் பார்வையாளராக வாருங்கள், இங்கே ஆட்டம் என்னுடையது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று, என்னோடு முழுத் தூரமும் நடங்கள். நான் அடிக்கும்போது பேசக் கூடாது. நன்றாக அடித்தால் கை தட்டலாம்.

வேதவள்ளி