இடது பக்கம் நின்று சொன்னது

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. உறையைப் பிரித்ததும் முதலில் உன் கோபம்தான் வெளியே குதித்தது. பதவி வந்ததும் தங்கச்சிக்கு அக்கா பேச்சு கசந்துவிட்டது, எதைச் சொன்னாலும் "சரி, பார்த்துக்கலாம்" என்று ஃபோனை வைத்துவிடுகிறாள் என்று எழுதியிருக்கிறாய். அத்தான் குளியலறையில் வழுக்கி விழுந்ததை நீ சொன்னபோது நான் "நல்லது, நல்லது" என்றேனாமே! படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அத்தானிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

அக்கா, எனக்கு இடது காது கேட்பதில்லை. வலது காதும் கூட்டத்தில், சத்தத்தில், ஃபோனில் கொஞ்சம் தடுமாறும். காது நரம்பு பழுதாகிவிட்டது, கேட்கும் திறன் திரும்பி வராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பயப்படாதே. வேறு எந்தக் கோளாறும் இல்லை. உன்னிடம்கூடச் சொல்லாமல் ஏன் மறைத்தேன் என்று நீ கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என்னை ரொட்டித் தொழிற்சாலைக்கு மேலாளராகப் போட்டபோது அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று உனக்குத் தெரியும். அந்தச் சூட்டிலும் இரைச்சலிலும் ஒரு பொம்பளை எத்தனை நாள் தாக்குப்பிடிப்பாள் என்று பந்தயமே கட்டினார்கள். பதவி வந்த கொஞ்ச காலத்திலேயே காது மந்தமாக ஆரம்பித்தது. சொன்னால், "பார்த்தியா, நாங்க அப்பவே சொன்னோம்ல" என்பார்கள். அதனால் கூந்தலைக் காதுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டேன். வாங்கிய காதுக் கருவி மேசை இழுப்பறையில் தூங்கியது. யார் என்ன சொன்னாலும் வாயசைவைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வேன். புரியாத மீதிக்கு, உனக்குச் சொன்ன அதே "சரி, பார்த்துக்கலாம்"தான்.

தொழிலாளர்கள் எனக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? "காதுல போட்டுக்காத மேடம்." திமிர் பிடித்தவள் என்று நினைத்துத்தான் அப்படி வைத்தார்கள். எவ்வளவு சரியான பெயர் என்று அவர்களுக்கே தெரியாது.

போன மாதம் ஒரு காலை ஷிஃப்ட். மாவு பிசையும் இயந்திரம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் அடுப்பு ஒரு நீளமான அறை மாதிரி இருக்கும். தட்டுகள் ஒரு முனையில் மாவோடு நுழைந்து, சங்கிலியில் நகர்ந்து, மறுமுனையில் ரொட்டியாக வெளியே வரும். அதைப் பார்த்துக்கொள்ளும் அடுப்புக்காரர் என் இடது பக்கம் வந்து நின்று ஏதோ சொன்னார். நான் தலையாட்டி, "சரி, பார்த்துக்கலாம்" என்றேன். அவர் போய்விட்டார்.

அவர் சொன்னது இதுதான்: "மேடம், சங்கிலி இழுத்து இழுத்து ஓடுது. உள்ளே போன தட்டெல்லாம் வந்ததும் நிறுத்தலாமா, இல்ல இப்பவே நிறுத்திடட்டுமா?" இப்போதைக்கு ஓடட்டும் என்று நான் சொல்வதாக அவர் எடுத்துக்கொண்டார். சிறிது நேரத்தில் சங்கிலி அறுந்தது. தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. கூடமெல்லாம் புகை. ரொட்டியைப் பொட்டலம் கட்டும் பகுதியில் வேலை செய்யும் ஒரு அம்மா, யாரும் எதுவும் சொல்லுமுன்னே பதறிப்போய் ஒரு தட்டை இழுத்து, முன்கையைச் சுட்டுக்கொண்டாள். நல்லவேளை, தோலோடு போயிற்று. ஆஸ்பத்திரிக்கு நான்தான் அவளைக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள்!

விசாரணை வந்தது. அடுப்புக்காரர், "மேடத்துக்கிட்ட சொன்னேன், அவங்க தலையாட்டினாங்க" என்றார். விசாரித்த அதிகாரிகள் நம்பவில்லை. அவர்களுக்கு நான் எதையும் தவறவிடாத மேடமாச்சே! அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். இயக்குநர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவர் சொன்னது என் காதில் விழவில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, விஷயம் முடிஞ்சது" என்றார்.

யோசித்துப் பார் அக்கா. அந்த வார்த்தையில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதைச் சொல்லி நான் தப்பித்திருக்கலாம். உண்மையைச் சொல்லியே ஒரு மனிதனின் பிழைப்பைக் கெடுத்திருக்கலாம்.

மறுநாள் எல்லாரையும் கூடத்துக்கு வரச் சொன்னேன். இயந்திரங்களை நிறுத்தச் சொன்னேன். அடுப்புக்காரரையும் வீட்டிலிருந்து வரவழைத்தேன். இயக்குநரும் வந்து நின்றார். கூந்தலை அள்ளி முடிந்துகொண்டேன். கருவியை வலது காதில் மாட்டியபடியே போயிருந்தேன். "இவர் சொன்னார். எனக்குக் கேட்கல. கேட்கலைன்னு சொல்ல வெட்கப்பட்டுத் தலையாட்டினேன். தப்பு அவர் பேர்ல இல்ல, என் பேர்ல" என்றேன். கண் கலங்கியது. நாலு பேர் முன்னால் அழக்கூடாது என்று சின்ன வயதில் நீ சொல்வாய். அன்றைக்கு நாலு பேர் இல்லை, கூடம் நிறைய ஆட்கள். அழுதேன். அழுதுகொண்டே பேச்சை முடித்தேன். ஒன்றும் இடிந்து விழவில்லை.

பிறகு எங்கள் மெக்கானிக், கல்லுளிமங்கன் என்று பெயரெடுத்தவர், தொண்டையைச் செருமினார். அடுப்பின் வெப்பமானியில் சின்ன எழுத்து தனக்குச் சரியாகத் தெரிவதில்லை, ஒரு குத்துமதிப்பில்தான் பார்ப்பதாகச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் அவர் அதைச் சொன்னது எவ்வளவு நல்லது! இப்போது மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறார்.

இயக்குநர் என்னைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றப் பார்த்தார். "அமைதியான அறை, மரியாதையான இடம்" என்றார். எனக்குப் பழுது காதில்தான், வேலையில் இல்லை என்றேன். என் யோசனையைச் சொன்னேன்: இனி கூடத்தில் வெறும் வாய்வார்த்தை செல்லாது. கையை உயர்த்தினால் நிறுத்து என்று அர்த்தம். ஆபத்து என்று பட்டால் என்னைக் கேட்காமல் யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம். இந்த ஏற்பாட்டைச் செய்ய விடுங்கள், சரிவராவிட்டால் நானே போகிறேன் என்றேன். முகத்தைச் சுளித்தார், ஆனாலும் விட்டார். அடுப்புக்காரர் அன்றே வேலைக்குத் திரும்பினார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வர வேண்டியதுதான், வாங்கிக்கொண்டேன்.

போன வாரம் கை உயர்ந்தது. யார் தெரியுமா? கை சுட்டுக்கொண்ட அதே அம்மா. ஓடிப்போய்ப் பார்த்தால், ரொட்டி வெட்டும் கத்தி ஒன்று தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. விட்டிருந்தால் யார் விரல் போயிருக்குமோ, ரொட்டிக்குள் கத்தித் துண்டு சிக்கி யார் வாய் கிழிந்திருக்குமோ! தகவல் இயக்குநருக்குப் போனது. மற்ற கிளைகளிலும் இதே முறையைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

அடுப்புக்காரர்தான் பல நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கோபம் நியாயம், நானும் அவசரப்படுத்தவில்லை. நேற்று முதல்முறையாக என்னைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து, "மேடம், மாவு இன்னும் கொஞ்சம் பொங்கணும்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார். எல்லாரும் இப்படித்தான் கத்துகிறார்கள். "ஐயா, அந்தக் காதுல கத்தினா பிரயோஜனம் இல்ல, இந்தக் காதுல கத்தினா இதுவும் போயிடும்" என்றேன். சிரித்துவிட்டார். எனக்குப் பதவி உயர்வு வந்த அன்றுகூட இவ்வளவு சந்தோஷம் இல்லை.

வீட்டில் எல்லாரும் சௌக்கியம். என் வீட்டுக்காரர் சில சமயம் வேண்டுமென்றே இடது பக்கம் வந்து என்னவோ முணுமுணுக்கிறார். என்னைத் திட்டுகிறாரா, கொஞ்சுகிறாரா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். மகள் என் கருவிக்குச் சிவப்பு உறை வாங்கி மாட்டிவிட்டாள். மறைக்கிறதாக இருந்தால்தானே தோல் நிறம் வேண்டும் என்கிறாள்.

அக்கா, கடைசியாக ஒன்று. அத்தான் என் வீட்டுக்காரரிடம் பேசும்போது, நீங்கள் கட்டிலைக் கீழ் அறைக்கு இறக்கிவிட்டதாகவும், உன்னால்தான் இப்போது மாடிக்கு ஏற முடிவதில்லை என்றும் வாய்தவறிச் சொல்லிவிட்டார். உடனே பேச்சை மாற்றிவிட்டாராம். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதத்தில் நீ அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. நான் துருவிக் கேட்க மாட்டேன். எனக்கு விடுமுறை பாக்கி இருக்கிறது. "வா" என்று ஒரு வார்த்தை எழுது, வேறெதுவும் எழுத வேண்டாம். வந்து உன் பக்கத்தில் உட்காருகிறேன். நீ எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் எனக்குக் கேட்கும்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
உன் தங்கச்சி