காலையில் எடுத்து வைத்த கோழி

மார்ச் 6, 2025

நேற்று மாலை ஈப்போவிலிருந்து திரும்பினோம். குமுதாவுக்குப் புற்றுநோய்க்கான மூன்றாவது மருந்து ஏறிவிட்டது. இன்னும் மூன்று இருக்கிறது.

கிளம்பும்போது வார்டு மிஸ்ஸி, மூத்த நர்ஸ், என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். ஒரு வாரத்தில் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துவிடும். அப்போது சின்னக் கிருமி உள்ளே போனாலும் உடம்பு தாங்காது. எல்லாம் நன்றாக வேக வேண்டும். பச்சையாக ஏதாவது கொடுத்தால் கழுவி, தோல் சீவிக் கொடுக்க வேண்டும். காய்ச்சல் முப்பத்தெட்டைத் தொட்டால் மாத்திரை போட்டுக் காத்திருக்கக் கூடாது, உடனே வந்துவிட வேண்டும். இரண்டு முறை சொன்னார். இரண்டாவது முறை என் கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

தேயிலைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக இயந்திரம் பார்க்கிறேன். சத்தத்தை வைத்தே எது கோளாறு என்று சொல்லிவிடுவேன். சமையலறையில் எனக்கு ஒரு சத்தமும் புரிவதில்லை.

மச்சினி புவனேஸ் பிரீசரை நிரப்பிவிட்டுப் போயிருக்கிறாள். ஐந்து கோழி, மீன், கொஞ்சம் ஆட்டிறைச்சி. "ஒரு மாசத்துக்கு நீங்க மார்க்கெட் பக்கமே போக வேணாம்லா மாமா" என்றாள்.

மார்ச் 9

ரசம் வைத்தேன். இரண்டு கரண்டி குடித்தாள். மிச்சத்தை நான் குடித்தேன். பாவம் அவள்.

மார்ச் 12

இன்று குமுதா சாப்பிட்டாள்!

கோழி சூப் வேண்டும் என்று நேற்றே கேட்டிருந்தாள். வேலைக்குப் போகுமுன் ஆறேகாலுக்கு ஒரு முழுக்கோழியை எடுத்துச் சிங்க்கில் வைத்தேன். வெளியே ஒரே பனி. கேமரன் மலையில் வீடே ஐஸ்பெட்டிதானே, கெட்டா போய்விடும்? நான்கு மணிக்கு வந்து தொட்டுப் பார்த்தேன். தொடை மெத்தென்று இருந்தது, வயிற்றுக்குள் இன்னும் கட்டி. வெந்நீர் ஊற்றிப் பிளந்து வெட்டினேன். இஞ்சி, மிளகு, பூண்டு. ஒரு மணி நேரம் கொதிக்க விட்டேன்.

கூடவே வெள்ளரிக்காய் கேட்டாள். வாயெல்லாம் புண், குளிர்ச்சியாக ஏதாவது வேண்டுமாம். அதையும் கழுவி, சீவி, நறுக்கிக் கொடுத்தேன்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றாள். சூப்பை. இரண்டு மாதமாக இந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை. பாத்திரம் கழுவும்போது விசிலடித்தேன் போலிருக்கிறது, உள்ளேயிருந்து சிரித்தாள்.

மார்ச் 13

புவனேஸ் மதியம் போன் செய்தாள். அக்கா சூப் குடித்த கதையைப் பெருமையாகச் சொன்னேன்.

"கோழிய எங்க வச்சு ஐஸ் எறக்குனீங்க மாமா?"

"சிங்க்லதான். காலையில எடுத்து வச்சேன்."

"காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்குமா?"

பள்ளிக்கூட கேன்டீனில் சமைப்பவள். அதற்கென்று வகுப்புக்குப் போய் வந்தவள். திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மெதுவாகச் சொன்னாள். முந்தின நாளே எடுத்து, ஒரு தட்டில் வைத்து, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் விட வேண்டுமாம். அவசரம் என்றால் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டிக் குளிர்ந்த தண்ணீரில் அமுக்கி, அரைமணிக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றி, இளகியதும் உடனே அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். வெளியே வைத்தால் உள்ளே ஐஸாக இருக்கும்போதே மேல்பக்கத்தில் கிருமி பெருகத் தொடங்கிவிடும். மலைக்குளிரெல்லாம் அதற்குப் போதாது.

"சூப் நல்லா கொதிச்சிருக்கும், அது பரவால்ல. அந்தக் கோழித் தண்ணி இருக்கு பாருங்க, அதான் ஆபத்து. அதே சிங்க்ல வேற ஏதாச்சும் கழுவுனீங்களா? அதே கத்தி, அதே பலகை?"

வெள்ளரிக்காய்.

"இல்ல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சிங்க்கைக் குளோராக்ஸ் ஊற்றித் தேய்த்தேன். பலகையைத் தூக்கி எறிந்தேன். இப்போது எறிந்து என்ன பயன்? அவள் சாப்பிட்டு இருபது மணி நேரம் ஆகிவிட்டது. மணிக்கொருமுறை போய் நெற்றியைத் தொடுகிறேன். "என்னங்க, சும்மா தொட்டுத் தொட்டுப் பாக்குறீங்க?" என்றாள். குளிருதே, அதான் என்றேன்.

36.9. 37.0. 36.9.

சாமி, எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.

மார்ச் 14

காலை 37.2. வேலைக்குப் போகவில்லை.

பத்து மணி 37.4. கஞ்சி வேண்டாம் என்றாள். அடிக்கடி எழுந்து போகிறாள். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள்.

ஒரு மணி 37.8. முப்பத்தெட்டு இல்லை. இன்னும் முப்பத்தெட்டு இல்லை.

மார்ச் 15

வார்டுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வரிசையாக எழுதினால் மனசு நிற்கும்.

நேற்று இரண்டரைக்கு 38.4. பல் கிட்டிக்கொண்டு நடுங்கினாள். ஆஸ்பத்திரி அட்டையிலிருந்த எண்ணுக்குப் போன் அடித்தேன். எங்கே இருக்கிறீர்கள், எவ்வளவு நேரமாகும் என்று கேட்டுவிட்டு, நேராக ஈப்போவுக்கே கொண்டு வாருங்கள் என்றார்கள். கியா பார்ம் பக்கம் கார்கள் தேங்கி நிற்கும், அந்த வழி ஆகாது. வடக்கே திருப்பினேன். கோலா தெர்லா தாண்டியதும் முன்னால் ஒரு முட்டைக்கோஸ் லோரி, மூடுபனி, வளைவுக்குப் பின் வளைவு, முந்த முடியவில்லை. ஆரன் அடித்துக்கொண்டே போனேன். அவள் கண்ணைத் திறக்காமல், "மெதுவா போங்க" என்றாள். அவள் அதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது. அப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

அவசரப் பிரிவில் உடனே மருந்து ஏற்றினார்கள். இளம் டாக்டர், மலாய்க்காரப் பெண். இந்த இரண்டு மூன்று நாளில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். சோறு, சூப் என்றேன். வேறு? வேறொன்றும் இல்லை என்றேன். போனில் சொன்னதும் ஓடி வந்த புவனேஸ் பக்கத்தில் நின்றாள். என் முகத்தையே பார்த்தாள்.

டாக்டர் எழுதிக்கொண்டு திரும்பினார். நான்கு அடி போயிருப்பார். பின்னால் ஓடினேன். எனக்குத் தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். கோழி, சிங்க், பத்து மணி நேரம், வெள்ளரிக்காய், கத்தி. அவர் மறுபடி பேனாவைத் திறந்தார். எத்தனை மணிக்கு, எவ்வளவு சாப்பிட்டார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கோபம் இல்லை. "சொன்னது நல்லது. எதைத் தேட வேண்டுமென்று தெரிகிறது" என்றார்.

பிழைப்பாளா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மார்ச் 16

39.1. பிரஷர் இறங்கியிருக்கிறது. கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன்.

மார்ச் 17

ரத்தத்தில் கிருமி இருக்கிறதாம். கோழியிலிருந்து வருகிற ஜாதிதான். இப்போது போகிற மருந்துக்கு அது அடங்கும் என்கிறார்கள். அடங்கும் என்றார்களா, அடங்கலாம் என்றார்களா? புவனேஸிடம் மூன்று முறை கேட்டுவிட்டேன்.

மார்ச் 19

38க்குக் கீழே. உள்ளே விட்டார்கள்.

குமுதாவிடம் சொன்னேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"புவனேஸ் சொல்லிட்டா. கோழி வெவரம் எனக்கே தெரியாது. நானா இருந்தாலும் அங்கதான் வச்சிருப்பேன்" என்றாள். பிறகு, "அன்னைக்கு தொட்டுத் தொட்டுப் பாத்தீங்களே, அப்பவே சொல்லியிருக்கணும். வியாழக்கிழமையே எனக்கு வயிறு சரியில்ல."

"நீ ஏன் சொல்லல?"

"நீங்க விசிலடிச்சீங்க. எப்படிச் சொல்றது?"

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் மறைத்திருக்கிறோம். அந்த ஒரு நாளில் அவள் போயிருப்பாள்.

இனிமேல் எதுவானாலும் உடனே சொல்லிவிட வேண்டும் என்றாள். நானும் சரி என்றேன்.

ஏப்ரல் 8

நாலாவது மருந்து. பிரீசரில் இருந்த மீதியை என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டே நின்றேன். குமுதா நாற்காலியைச் சமையலறைக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மீனைத் தட்டோடு கீழ்த்தட்டில் வைத்தேன். "காய்க்குத் தனிக் கத்தி" என்றாள். "கைய சோப்பு போட்டுக் கழுவுங்க." கழுவினேன். "மறுபடியும்." கழுவினேன்.

பயம் போகவில்லை. ஆனால் சொல்லிவிடுகிறேன். பயமா இருக்கு குமுதா என்று சொல்லிவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைக்கிறேன்.

ஆகஸ்ட் 24

நான்கு மாதமாக எழுதவில்லை.

குமுதா இன்று புவனேஸோடு ஈப்போவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள். போன மாத ஸ்கேனில் ஒன்றுமில்லை, வெள்ளை அணுக்களும் பழையபடி ஆகிவிட்டன. முடி ஒரு விரல் அளவு வளர்ந்திருக்கிறது, அதில் பூ நிற்கவில்லை என்று சலித்துக்கொண்டே போனாள்.

மூன்று மணிக்குப் போன் செய்தாள். பந்தியில் கோழிப் பிரியாணியாம், ஆயிரம் பேருக்குச் சமைத்தார்களாம், இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாளாம்.

ஆயிரம் பேருக்கு எத்தனை கோழி? எங்கே வைத்து ஐஸ் இறக்கினார்கள்? நாக்கின் நுனி வரை வந்துவிட்டது.

"பிரியாணி எப்படி?" என்று மட்டும் கேட்டேன்.

"உப்பு கம்மி" என்றாள்.