வேர் பிடித்த பெட்டி

காமயகவுண்டன்பட்டி,
ஞாயிறு மதியம்.

அன்பு மகள் ஓவியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அவருடைய முழங்கால் மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கிறது, நீயும் அந்த அயர்லாந்துக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்து வைத்துவிடுவாய், அதனால் எழுதி உன் கூட்டாளி அப்ரினிடம் கொடுத்து விடுகிறேன், அவள் விடுமுறை முடிந்து புதன்கிழமை கிளம்புகிறாளாம்.

நீ அனுப்பிய வீடியோவில் அந்த வெள்ளைக்காரி பலகையால் பெட்டி அடித்து உள்ளே மண் கொட்டிக் கீரை போட்டிருந்தாளே, அதை நாங்களும் செய்துவிட்டோம். வீட்டுக்கென்று அரசாங்கம் நமக்குக் கொடுத்த மூன்று சென்ட் பாறையில் கடப்பாரை போட்டால் தீப்பொறிதான் பறக்கும், மண் உள்ள இடத்தை நமக்கு எவன் கொடுத்தான். கர்ணன் முதலாளியின் திராட்சைப் பந்தலுக்குக் கீழே இருபத்திரண்டு வருடம் அண்ணாந்தே கழுத்து போன எனக்கு, என்னுடையது என்று சொல்ல ஒரு சட்டி மண்ணாவது வேண்டும் என்று ஒரே பிடிவாதம். உன் அப்பா குமுளி மிளகுத் தோட்டத்தில் ஷெட் பிரித்த பழைய பலகைகளையும், பச்சையாக வெட்டிய ஆறு முள்முருங்கைக் கம்புகளையும் ஜீப் மேல் ஏற்றிக்கொண்டு வந்தார். மிளகுக்கொடி ஏற அந்தக் கம்பைத்தானே மனிதர் காலமெல்லாம் நடுகிறார். பாறைச் சந்தில் குழி எடுத்து ஆறையும் ஊன்றி, சுற்றிலும் முட்டி உயரத்துக்குப் பலகை அடித்தார். அதோடு விட்டாரா, கைப்பழக்கம், ஒவ்வொரு கம்பின் தலையிலும் சாணியை உருட்டி அப்பினார். பெட்டிக்கு எதுக்குய்யா சாணிக் கொண்டை என்று கேட்டால், "வெயில்ல வெடிச்சிரும்டி, ஒனக்கென்ன தெரியும்" என்று எனக்குப் பாடம்.

மண்ணுக்குத்தான் அலைந்தேன். கண்மாய் வண்டல் கேட்டு மனுக் கொடுக்கப் போனால், வயல் பட்டா இருக்கிறவர்களுக்கு மட்டும்தானாம். மண் இருக்கிறவனுக்கு மண், இல்லாதவளுக்கு வாசல்படி. பிறகு நூறு நாள் வேலையில் அதே கண்மாயைத் தூர் வாரியது யார், நாங்கள்தான். வேலை விட்டு வரும்போது கூட வேலை பார்த்த பன்னிரண்டு பெண்களும் ஆளுக்கொரு சட்டி தலையில் சுமந்து வந்து கொட்டினார்கள், ஆறே நாளில் பெட்டி நிறைந்தது. எதிர்வீட்டு அன்னத்தாய் வாய் சும்மா இருக்குமா, "ஏத்தா, வரப்போற மாப்பிள்ளைக்கா இந்தக் கட்டிலு, முள்ளு குத்தாதா" என்று ஒரே கேலி.

வெங்காயமும் தக்காளியும் தலை காட்டுவதற்கு முன்னால் எது துளிர்த்தது தெரியுமா, கம்புகள்தான். ஆறும் இலை விட்டு நின்றன, தெருவே கூடிச் சிரித்தது. செடிக்கு ஊற்றுகிற தண்ணீரை எல்லாம் இதுகள் குடித்துவிடும் என்று பிடுங்கச் சொன்னேன், உன் அப்பா முழங்காலைத் தடவிக்கொண்டே நழுவிவிட்டார்.

மூன்று மாதம் போயிருக்கும். ஒருநாள் கர்ணன் முதலாளி வண்டியை நிறுத்தி, இந்த மண் ஏது என்று கேட்டார். மறுநாளே பஞ்சாயத்திலிருந்து ஒருவர் வந்து, கண்மாய் மண்ணைத் திருப்பிக் கொட்டு, பெட்டியைப் பிரி என்கிறார். எனக்கு வந்ததே கோபம். "மொதலாளி அதே கண்மாயில அள்ளுன நாப்பது டிராக்டர் மண்ணத் திருப்பிக் கொட்டச் சொல்லுங்க, பின்னாடியே நான் சட்டியோட வாறேன்" என்றேன். அவருக்கும் கோபம், நானே பிரிக்கிறேன் பார் என்று மூலைக் கம்பைப் பிடித்து ஆட்டினார். அசையவில்லை. கட்டிப்பிடித்து இழுத்தார், முள் ஏறியதுதான் மிச்சம். அன்னத்தாய் எதிர்வீட்டு வாசலில் நின்றபடி, "சார், மரத்தப் பிடுங்குனா அதுக்குத் தனியாக் கேஸு வராதா" என்றாள். கையை உதறிக்கொண்டே மனிதர் காகிதத்தில் எழுதிவிட்டுப் போனார், இவ்விடத்தில் பெட்டி எதுவும் இல்லை, ஆறு மரங்கள் உள்ளன என்று. அன்றிலிருந்து உன் அப்பா, கம்பு காயாமல் துளிர்க்கட்டும் என்று நான் திட்டம் போட்டுத்தான் சாணி வைத்தேன் என்று டீக்கடை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அப்ரினிடம் முள்முருங்கை இலைப் பொடி கொடுத்திருக்கிறேன், நம் மரத்து இலை, அரிசி மாவில் கலந்து அடை சுட்டுச் சாப்பிடு, சளிக்கு நல்லது. இரவு டியூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதே. அங்கே யாருக்கும் குனிந்து நிற்காதே, உடம்போடும் மனதோடும் நன்றாக இரு மகளே. பஞ்சாயத்துக்காரர் மறுபடியும் வருவார், எனக்குத் தெரியும். வரட்டும். நேற்று மண்ணுக்குள் கை விட்டுப் பார்த்தேன், வேர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடியிருக்கிறது.

உன் அம்மா,
மகாலட்சுமி